போன சபை போட்ட முடிச்சை இந்தச் சபை அவிழ்க்கலாமா?

பெங்களூருவில் சட்டம் படிக்கும் என் அக்கா மகன் போன வாரம் ஒரு கேள்வி கேட்டான். “மாமா, ஒரு நாடாளுமன்றம் தனக்கு அடுத்து வரும் நாடாளுமன்றத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று வகுப்பில் சொல்கிறார்கள். அப்படியென்றால் ஆங்கிலம் தொடரும் என்று இந்தி பேசாத மாநிலங்களுக்கு நேரு கொடுத்த வாக்குறுதியைச் சட்டத்தில் எழுதி வைத்தார்களே, அதற்கு என்ன மதிப்பு? நாளைக்கே ஒரு பெரும்பான்மை வந்து அதை எடுத்துவிடலாமா?” அதே ஊரின் ஸ்ரீராமபுரத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பதில் சொல்ல ஆரம்பித்தேன். பாதியில் கரண்ட் போய், கொசு வந்து, பேச்சு நின்றுவிட்டது. விட்டதையும் சேர்த்து இங்கே எழுதிவிடுகிறேன். முப்பது வருஷமாகக் கோர்ட்டு வராந்தாவில் நடந்தவன் என்ற ஒரே தகுதிதான்.

மாப்பிள்ளை, முதலில் நேரான பதில். எடுத்துவிடலாம். சட்டப்படி தடை இல்லை. ஆனால் அந்தப் பிரிவு பயனில்லாதது என்று நீ முடிவு கட்டினால் அது தப்பு. ஏன் தப்பு என்று சொல்லத்தான் இவ்வளவு நீளம்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது நம் தெருவில் பாதிப் பேர் மில் தொழிலாளிகள். சம்பள நாளன்று சாயங்காலம் சில வீடுகளில் சத்தம் கேட்கும். அப்புறம் யாராவது பெரியவர் அந்த ஆளைக் கோயிலுக்கு இழுத்துப் போய், இனிமேல் தொடமாட்டேன் என்று சொல்லவைத்து, கையில் கயிறு கட்டிக் கூட்டிவருவார். அந்தக் கயிற்றை அறுக்க ஒரு பிளேடு போதும். கட்டிக்கொண்டவனே அறுக்கலாம், யாரும் பிடித்துவைக்கவில்லை. ஆனால் கயிற்றோடு கடைக்குப் போனால் கடைக்காரனே ஒரு மாதிரி பார்ப்பான். அறுத்துவிட்டுப் போனால் மறுநாள் காலை குழாயடியில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொள், கடைசிவரை தேவைப்படும்.

இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர் ஆங்கிலேயச் சட்ட அறிஞர் டைசி இல்லை, சத்தியவதியின் அப்பா. “என் மகள் வயிற்றுப் பிள்ளைக்குத்தான் பட்டம் என்று நீ வாக்குக் கொடுக்கிறாய், சரி. உனக்குப் பிறக்கப் போகிறவன் அதை மதிப்பான் என்று என்ன நிச்சயம்?” தேவவிரதனிடம் அதற்குப் பதில் இல்லை. அதனால் பிள்ளையே பிறக்காமல் பார்த்துக்கொண்டு பீஷ்மர் ஆனார். நாடாளுமன்றத்துக்கு அந்த வசதி கிடையாது. ஐந்து வருஷத்துக்கு ஒரு பிள்ளை பிறந்தே தீரும்.

பிரிட்டனில் இதற்குச் சொல்லப்படும் விடை பழையது. பின்னால் வரும் நாடாளுமன்றங்களின் அதிகாரத்தைக் குறைக்கும் சட்டம் அவற்றைக் கட்டாது என்று 18-ஆம் நூற்றாண்டிலேயே பிளாக்ஸ்டன் எழுதிவிட்டார். 1885-இல் டைசி அதைக் கோட்பாடாக வார்த்தார். நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் போடலாம், எதையும் எடுக்கலாம், அதைச் செல்லாது என்று சொல்ல வேறு யாருக்கும் உரிமை இல்லை. வழக்கு வேண்டுமென்றால் 1934-இல் லண்டன் குடிசைப் பகுதி நிலம் தொடர்பாக வந்த எல்லன் ஸ்ட்ரீட் எஸ்டேட்ஸ் வழக்கைப் படி. நிலம் எடுத்தால் எவ்வளவு இழப்பீடு என்று 1919 சட்டம் சொன்னது. இதற்கு முரணான பிற சட்ட விதிகள் செல்லாது என்றும் சொன்னது. 1925 வீட்டுவசதிச் சட்டம் குடிசைப் பகுதி நிலத்துக்குக் குறைவான தொகையைச் சொன்னது. நிலக்காரர், 1919-இன்படிதான் எனக்குப் பணம் என்றார். நீதிமன்றம் ஒப்பவில்லை. 1925-இல் இருந்தவர்கள் வேறு மாதிரி நினைத்தால் அவர்கள் நினைத்ததுதான் சட்டம். பின்னால் வந்தது முன்னால் வந்ததை வாய்விட்டுச் சொல்லாமலேகூட ரத்து செய்துவிடும்.

எல்லாம் செய்ய முடிந்த நாடாளுமன்றத்தால் தன் கையைத் தானே கட்டிக்கொள்ள மட்டும் முடியாதா, முடியாது என்றால் அது எப்படி எல்லாம் வல்லது என்று ஒரு புதிர் உண்டு. தத்துவக்காரர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். தேர்வுக்கு ஒரு பத்தி போதும், நீ அதிலேயே மூழ்கிவிடாதே. வழக்குகள்தான் சுவாரசியம்.

‘இதைச் செய்யவே கூடாது’ என்று கட்டுவது ஒன்று. ‘இப்படித்தான் செய்யவேண்டும்’ என்று வழி வகுப்பது வேறொன்று. முதலாவது நிற்காது. இரண்டாவது சில இடங்களில் நின்றிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 1929-இல் இருந்த அரசு, மக்கள் வாக்கெடுப்பு இல்லாமல் மேலவையை ஒழிக்க முடியாது என்று ஒரு பிரிவைச் சேர்த்தது. கெட்டிக்காரத்தனமாக, இந்தப் பிரிவையே நீக்குவதற்கும் வாக்கெடுப்பு வேண்டும் என்று எழுதிவைத்தது. அடுத்த வருஷமே ஜாக் லாங்கின் தொழிற்கட்சி அரசு வந்தது. வாக்கெடுப்பு இல்லாமலே இரண்டையும் முடிக்கப் பார்த்தது. டிரெத்தோவன் வழக்கில் 1932-இல் லண்டன் பிரிவி கவுன்சில், அதாவது காலனி வழக்குகளுக்கான கடைசி மேல்முறையீட்டு மன்றம், முடியாது என்றது. காரணம், 1865-ஆம் ஆண்டின் காலனிச் சட்டங்கள் செல்லுபடிச் சட்டம். காலனிச் சட்டமன்றம் தன் அமைப்பை மாற்றும்போது அப்போது நடப்பில் இருக்கும் சட்டம் சொல்லும் முறைப்படிதான் மாற்றவேண்டும் என்று அது சொன்னது. அதாவது பூட்டு சிட்னியில் தொங்கினாலும் அதைத் தாங்கிய ஆணி லண்டனில் அடித்தது. தேர்வில் பல பேர் இந்த ஆணியை மறந்துவிடுகிறார்கள்.

இலங்கைக் கதை நமக்கு இன்னும் நெருக்கம். சுதந்திரத்தோடு வந்த சோல்பரி அரசியலமைப்பின் 29-ஆம் பிரிவில் இரண்டு முடிச்சுகள் இருந்தன. மற்றவர்களுக்கு இல்லாத பாதகத்தை ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உண்டாக்கும் சட்டம் செல்லாது என்பது ஒன்று. அரசியலமைப்பைத் திருத்தினால் மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும், சபாநாயகர் அதற்குச் சான்று எழுத வேண்டும் என்பது இன்னொன்று. லஞ்ச வழக்குகளை விசாரிக்க அமைத்த தீர்ப்பாயம் ஒன்றின் மீது ரணசிங்க வழக்கு வந்தது. அந்த உறுப்பினர்களை நியமித்த முறை அரசியலமைப்புக்கு முரணாக இருந்தது, சபாநாயகரின் சான்றும் இல்லை. 1964-இல் பிரிவி கவுன்சில், நாடாளுமன்றம் இறையாண்மை உள்ளதாகவே இருக்கட்டும், அதைப் பெற்றெடுத்த ஆவணம் சொல்லும் வழியில்தான் அது நடக்கவேண்டும் என்றது. போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னது. சமூகங்களுக்குப் பாதுகாப்புத் தரும் அந்த உட்பிரிவு, இலங்கைக் குடிமக்களுக்கிடையே செய்துகொண்ட உரிமைச் சமநிலை. அதை நம்பித்தான் அவர்கள் அரசியலமைப்பை ஏற்றார்கள். ஆகவே அது மாற்ற முடியாதது.

கேட்க நன்றாக இருக்கிறது இல்லையா? இதே பிரிவி கவுன்சில்தான் 1953-இல் கோடகன் பிள்ளை வழக்கில், மலையகத் தமிழர்களை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்திய சட்டங்களில் இந்தப் பிரிவை மீறிய எதுவும் இல்லை என்று சொல்லியிருந்தது. 1956-இல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. சிங்களத் தேர்வு எழுத மறுத்ததால் சம்பள உயர்வு நிறுத்தப்பட்ட அரசு ஊழியர் கோடீஸ்வரன் வழக்குப் போட்டார். கீழ்க் கோர்ட்டில் ஜெயித்தார். மேலே போனதும், அரசு ஊழியர் சம்பளத்துக்காக அரசின் மேல் வழக்குப் போடலாமா என்ற கிளைக் கேள்வியில் வழக்கு சிக்கி, 1969-இல் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பியது. மொழிச் சட்டம் செல்லுமா என்ற மூலக் கேள்விக்கு முடிவான தீர்ப்பு வரவே இல்லை.

1970 தேர்தலில் மூன்றில் இரண்டுக்கும் மேல் வாங்கிக்கொண்டு ஐக்கிய முன்னணி வந்தது. மாற்ற முடியாதது என்று பிரிவி கவுன்சில் சொன்ன பிரிவோடு மல்லுக்கட்ட அவர்கள் விரும்பவில்லை. எம்.பி.க்கள் எல்லாரும் நாடாளுமன்றக் கட்டடத்தை விட்டு வெளியே வந்து, கொழும்பில் நவரங்கஹல என்ற அரங்கில் அரசியல் நிர்ணய சபை என்ற பெயரில் கூடினார்கள். ஆட்கள் அதே ஆட்கள், அறைதான் வேறு. 1972 மே 22-இல் புதிய அரசியலமைப்பு வந்தது, 29-ஆம் பிரிவு காணாமல் போனது. அவர்கள் முடிச்சை அவிழ்க்கவே இல்லை, கட்டுத்தறியைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். இறையாண்மை பற்றி யார் என்ன பாடம் நடத்தினாலும் எனக்கு இந்த அரங்குதான் ஞாபகத்துக்கு வரும்.

தென் ஆப்பிரிக்காவிலும் இதே மாதிரி. கலப்பினத்தார் என்று வகைப்படுத்தப்பட்டவர்களின் வாக்குரிமையைத் தொட, இரு அவைகளும் ஒன்றாகக் கூடி மூன்றில் இரண்டு காட்டவேண்டும் என்றிருந்தது. 1952-இல் ஹாரிஸ் வழக்கில் நீதிமன்றம் அந்த முறையைக் காப்பாற்றியது. அரசு என்ன செய்தது? 1955-இல் மேலவையின் 48 இடங்களை 89 ஆக்கி, தனக்கு வேண்டியவர்களால் நிரப்பி, 1956-இல் மூன்றில் இரண்டைக் காட்டிவிட்டது. நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. சாவி தொலைந்தால் கதவைப் பெயர்த்து வைப்பது ஒரு வழி.

சரி, பிரிட்டனிலேயே ஒருமுறை கயிறு கட்டிப் பார்த்தார்கள். 2011-இல் நிலையான பதவிக்காலச் சட்டம். நினைத்தபோது பிரதமர் தேர்தல் வைக்க முடியாது. முன்கூட்டியே தேர்தல் வேண்டுமானால் மக்களவையின் 650 இடங்களில் மூன்றில் இரண்டு, அதாவது 434 வாக்கு வேண்டும். 2019 செப்டம்பரிலும் அக்டோபரிலுமாக போரிஸ் ஜான்சன் மூன்று முறை கேட்டுப் பார்த்தார், மூன்று முறையும் 434 வரவில்லை. அப்புறம் என்ன செய்தார்? 2011 சட்டம் என்ன சொன்னாலும் டிசம்பர் 12-இல் தேர்தல் என்று ஒரு குட்டி மசோதா கொண்டுவந்தார். புதிய சட்டம் போடச் சாதாரணப் பெரும்பான்மை போதும். வேடிக்கை என்னவென்றால், கடைசியில் அந்த மசோதாவுக்கு 438 பேர் கை தூக்கினார்கள். 2022-இல் 2011 சட்டமே போய்விட்டது. ஆனால் ஒன்றைக் கவனி. அந்தக் கயிறு இருந்த வரைக்கும் பிரதமர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பித் தேர்தலை வரவழைக்க முடியவில்லை. சபைக்கு வந்து, எல்லார் முன்னாலும் அறுக்க வேண்டியிருந்தது.

இப்போது நம் ஊர். இந்தியாவில் நாடாளுமன்றத்துக்கு மேலே அரசமைப்புச் சட்டம் இருக்கிறது, ஆகவே டைசியை அப்படியே தூக்கிவந்து இங்கே வைக்க முடியாது. ஆனால் சாதாரணச் சட்டங்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது இங்கே இன்னும் கெட்டியாகப் பொருந்தும். அரசமைப்புச் சட்டம் 100(1) என்ன சொல்கிறது? அரசமைப்பு வேறு விதமாகச் சொன்னாலொழிய, எந்தக் கேள்வியும் அவையில் இருந்து வாக்களிப்பவர்களின் பெரும்பான்மையால் முடிவாகும். சட்டமன்றங்களுக்கு 189(1) அதையே சொல்கிறது. ஆகவே ‘இந்தச் சட்டத்தை எடுக்க முக்கால் பங்கு ஓட்டு வேண்டும்’ என்று ஒரு சாதாரணச் சட்டம் தனக்குத் தானே எழுதிக்கொண்டால், அந்த வரிக்கு மதிப்பில்லை. சிட்னியில் பூட்டைத் தாங்கிய மாதிரி ஒரு ஆணி இங்கே கிடையாது.

நம் விதான சௌதாவே, அதாவது கர்நாடகச் சட்டமன்றமே, ஒரு கயிறு கட்டிக்கொண்டது தெரியுமா? அரசின் கடனுக்கும் பற்றாக்குறைக்கும் வரம்பு போடும் நிதிப் பொறுப்புச் சட்டத்தை இந்தியாவிலேயே முதலில் கொண்டுவந்தது கர்நாடகம், 2002-இல். மத்திய அரசு 2003-இல் கொண்டுவந்தது. மத்தியச் சட்டத்தின் இலக்குத் தேதிகள் நிதி மசோதாவோடு மசோதாவாகத் தள்ளிப் போயின. யாராலும் கோர்ட்டுக்குப் போய் நிறுத்த முடியவில்லை, நிறுத்தவும் முடியாது. ஆனாலும் பட்ஜெட் நாளில் பற்றாக்குறை எத்தனை சதவீதம் என்று நிருபர்கள் கேட்கிறார்கள், நிதியமைச்சர் பதில் சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

இப்போது உன் மொழிச் சட்டம். இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். அரசமைப்பின் 343-ஆம் பிரிவு ஆங்கிலத்துக்குப் பதினைந்து வருஷம் கொடுத்தது, 1965 ஜனவரி 26 வரை. அதற்குப் பிறகும் ஆங்கிலம் தொடர நாடாளுமன்றம் சட்டம் செய்யலாம் என்றது. செய்தே ஆகவேண்டும் என்று சொல்லவில்லை. 1959 ஆகஸ்ட் 7-இல் மக்களவையில் நேரு, இந்தி பேசாதவர்கள் விரும்பும் வரை ஆங்கிலம் இருக்கும், முடிவு அவர்கள் கையில் என்று வாக்குக் கொடுத்தார். வாக்கு வாக்காகவே இருந்தது. 1963-இல் ஆட்சிமொழிகள் சட்டம் வந்தபோது, ஆங்கிலம் தொடர‘லாம்’ என்றுதான் எழுதினார்கள். ஆங்கில மூலத்தில் ‘மே’ என்ற சொல். ‘ஷல்’ போடுங்கள் என்று மாநிலங்களவையில் அண்ணா மல்லுக்கு நின்றார். தொடரலாம் என்றால் தொடராமலும் விடலாம் என்பதுதானே பொருள்? ஒரு சொல்லுக்கு இத்தனை பாடா என்று டெல்லிக்காரர்களுக்குத் தோன்றியிருக்கும். வக்கீல் கண்ணுக்கு அந்தச் சொல்தான் முழுச் சட்டமும்.

1964 மே மாதம் நேரு இறந்தார். வாக்குக் கொடுத்தவர் இல்லை, வாரிசு மதிப்பாரா? சத்தியவதியின் அப்பா கேட்டது அப்படியே வந்து நின்றது. 1965 ஜனவரியில் தமிழ்நாடு கொதித்தது, உயிர்கள் போயின. மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று சாஸ்திரி வானொலியில் பேசி, நேருவின் வாக்கைத் தானும் காப்பதாகச் சொன்னார். அதைச் சட்டமாக எழுதியது 1967-ஆம் ஆண்டின் திருத்தம். 1968 ஜனவரியில் ஒப்புதல் கிடைத்தது. அதில் வந்ததுதான் 3(5), அதாவது ஆட்சிமொழிகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவின் 5-ஆம் உட்பிரிவு.

அந்தப் பிரிவு சொல்வது இது. இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் எல்லாவற்றின் சட்டமன்றங்களும் ஆங்கிலத்தை நிறுத்தலாம் என்று தீர்மானம் போட வேண்டும். அவற்றைப் பரிசீலித்த பிறகு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே தீர்மானம் போட வேண்டும். அதுவரை ஆங்கிலம் பற்றிய ஏற்பாடுகள் நடப்பில் இருக்கும். ‘எல்லாவற்றின்’ என்ற சொல்லைப் பார். நாகாலாந்து மாட்டேன் என்றால் போதும், நின்றுவிடும். நீ இருக்கும் கர்நாடகமும் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் இது நம் சட்டப் புத்தகத்திலேயே மிகக் கடினமான பூட்டு. அரசமைப்புத் திருத்தத்துக்கே, அதிகம் போனால், பாதி மாநிலங்களின் ஒப்புதல்தான் தேவை.

ஆனால் பூட்டு மாட்டியிருப்பது ஒரு சாதாரணச் சட்டத்தில். 3(5)-ஐ நீக்குகிறோம் என்று இரண்டு வரி மசோதா கொண்டுவந்து, இரு அவைகளிலும் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றினால் அது போய்விடும். அந்த மசோதாவுக்கு எந்த மாநிலத்தின் தீர்மானமும் தேவை இல்லை. மாநிலங்களின் தீர்மானம் என்பது அந்தச் சட்டத்தின் உள்ளே போட்டிருக்கும் பாதைக்குத்தான், சட்டத்தையே எடுக்கும் பாதைக்கு இல்லை. நேருவின் வாக்கைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போகலாமா என்றும் கேட்டாய். அரசு நிர்வாகம் கொடுத்த வாக்கை நம்பி ஒருவன் நஷ்டப்பட்டால் நீதிமன்றம் சில நேரம் அரசைப் பிடிக்கும். சட்டம் இயற்றும் சபைக்கு எதிராக அந்த வாதம் எடுபடாது என்பது நிலைத்துப்போன சட்டம்.

அப்படியென்றால் 3(5) செய்தது என்ன? அதற்கு முன்னால், ஆங்கிலம் நீடிக்க யாராவது முயற்சி எடுக்க வேண்டியிருந்தது. சும்மா இருந்தாலே, நாளடைவில் ஒவ்வொரு சுற்றறிக்கையாக அது தேய்ந்து போயிருக்கும். அதற்குப் பின்னால், ஆங்கிலத்தை எடுக்க வேண்டும் என்கிறவர்தான் எழுந்து நின்று முயற்சி எடுக்க வேண்டும். எடுக்கிறேன் என்று மசோதாவில் எழுதி, தேதி போட்டு, வாக்கெடுப்புக்கு விட்டு, சென்னையிலும் கோஹிமாவிலும் பெங்களூருவிலும் அன்று மாலை என்ன நடக்கும் என்று யோசித்துவிட்டு எடுக்க வேண்டும். அறுக்கலாம், யாருக்கும் தெரியாமல் அறுக்க முடியாது. இவ்வளவுதான் ஒரு சபை தனக்கு அடுத்த சபைக்குச் செய்யக்கூடியது என்று நான் நினைக்கிறேன். குறைவுதான். ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேலாக, அதற்குப் பிறகு வந்த எத்தனையோ தனிப் பெரும்பான்மைகள் அந்த இரண்டு வரி மசோதாவை எடுத்து நீட்டவில்லை.

இன்னொன்றும் வருஷக்கணக்கில் பார்த்துவருகிறேன். ‘என்றென்றைக்கும்’ என்று கட்டியதை விட, தேதி போட்டுக் கட்டியது நிலைக்கிறது. நம் தெருவிலும் அப்படித்தான். ஜென்மத்துக்கும் தொடமாட்டேன் என்றவன் ஒரு வாரத்தில் அறுப்பான். ஒரு மண்டலம் என்று கட்டியவன் தாக்குப்பிடித்து, முடிந்ததும் இன்னொரு மண்டலம் என்பான். 1800-இல் அயர்லாந்தைச் சேர்த்துக்கொண்ட சட்டம், இங்கிலாந்து அயர்லாந்து திருச்சபைகள் ஒன்றாக என்றென்றும் இருக்கும் என்றது. 1869-இல் வேறொரு சட்டம் பிரித்துவிட்டது. இங்கே பார். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பட்டியல் சாதிகள், பழங்குடிகளுக்கான இடஒதுக்கீட்டுக்கு 334-ஆம் பிரிவு பத்து வருஷம்தான் கொடுத்தது. ஒவ்வொரு பத்து வருஷமும் அந்தந்த நாடாளுமன்றம் தானாக விரும்பி நீட்டித்தது. கடைசியாக 2019-இல், 104-ஆவது திருத்தத்தில். அதே திருத்தத்தில் ஆங்கிலோ இந்தியருக்கான நியமன இடங்களை மட்டும் நீட்டிக்காமல் விட்டார்கள். அவற்றை ரத்து செய்கிறோம் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. சும்மா விட்டார்கள், போய்விட்டது. தேதி போட்ட கயிற்றில் உள்ள ஆபத்தும் அதுதான்.

தொகுதி எண்ணிக்கையும் இந்த வகை. 1962-இல் சென்னை மாநிலத்துக்கு மக்களவையில் 41 இடம், 1967-இல் 39 ஆனது. ஜனத்தொகையைக் கட்டுப்படுத்தியவனுக்குத் தண்டனையா என்ற கேள்வி அங்கேயே தொடங்கிவிட்டது. 1976-இன் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்போடு மாநிலங்களின் இடங்களை நிறுத்தியது, 2000-க்குப் பிறகு வரும் முதல் கணக்கெடுப்பு வரை. அந்தத் தேதி நெருங்கியபோது 84-ஆவது திருத்தம் 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் கணக்கெடுப்பு வரை என்று தள்ளிவைத்தது. இது அரசமைப்புச் சட்டத்துக்குள்ளேயே இருப்பதால், கெடுவுக்கு முன்னால் மாற்றச் சாதாரணப் பெரும்பான்மை போதாது. ஆனால் கெடு வந்தால் தானாகக் கழன்றுவிடும். நீட்டிக்க வேண்டும் என்பவர்கள்தான் மூன்றில் இரண்டு பங்கைத் தேட வேண்டும். 3(5)-இல் நம் பக்கம் இருந்த அனுகூலம் இங்கே எதிர்ப்பக்கம் போய்விடுகிறது. மொழிக்குக் காட்டிய கெட்டிக்காரத்தனத்தை 2001-இல் இதற்கும் காட்டியிருக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

காவிரியை இங்கே கலக்காதே. அது வேறு கேள்வி. 1991 ஜூனில் நடுவர் மன்றம் 205 டி.எம்.சி. விடச் சொன்னது. ஜூலையில் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டு அதைத் தள்ளியது. நவம்பரில் உச்ச நீதிமன்றம் அந்த அவசரச் சட்டம் செல்லாது என்றது. அந்த டிசம்பரில் இந்தத் தெரு எப்படி இருந்தது என்று உன் பாட்டியிடம் கேள், நான் எழுதப்போவதில்லை. முல்லைப் பெரியாறும் இதே வகைதான். 1886-இல் 999 வருஷத்துக்குக் குத்தகை எழுதினார்கள். வாரிசுகளைக் கட்டுவது என்றால் இதைவிட நீளமாக யாரும் கட்டியதில்லை. ஆனால் 136 அடிக்கு மேல் கூடாது என்று கேரளம் 2006-இல் போட்ட சட்டம் 2014-இல் விழுந்ததற்குக் காரணம் 999 இல்லை. 142 அடி வரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் முன்பே தீர்ப்புச் சொல்லியிருந்தது. போன சபையின் சட்டத்தை இந்தச் சபை மாற்றலாம். இரண்டு பேருக்கிடையே கோர்ட்டு சொன்ன தீர்ப்பைச் சட்டம் போட்டு அழிக்கக் கூடாது.

கடைசியாக, நம் ஊர் மில். மினர்வா மில் என்றதும் மினர்வா சர்க்கிளை நினைக்காதே, அது வேறு இடம். இது பெங்களூருவின் துணி மில். 1971-இல் மத்திய அரசு நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது, 1974 சட்டத்தில் நாட்டுடைமை ஆனது. முதலாளிகள் வழக்குப் போட்டார்கள், பல்கிவாலா வாதாடினார். மில்லுக்காக வந்த வழக்கு, அரசமைப்பைத் திருத்துவது பற்றிய 368-ஆம் பிரிவில் போய் நின்றது. கேசவானந்த பாரதி வழக்கில் 1973-இல் 13 நீதிபதிகள் 7-க்கு 6 என்று, திருத்தலாம் ஆனால் அடிப்படைக் கட்டமைப்பைச் சிதைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள் அல்லவா? நெருக்கடி நிலையில், பதவிக்காலம் முடிந்தும் நீட்டித்துக்கொண்டிருந்த மக்களவை 42-ஆவது திருத்தத்தில் அதற்குப் பதிலடி கொடுத்தது. எந்தத் திருத்தத்தையும் எந்தக் கோர்ட்டிலும் கேட்கக் கூடாது, திருத்தும் அதிகாரத்துக்கு வரம்பே இல்லை என்று இரண்டு உட்பிரிவுகளை 368-இல் சேர்த்தது. பிறகு வந்த ஜனதா ஆட்சி 42-இல் பலவற்றைக் கழற்றியது, இந்த இரண்டும் நின்றுவிட்டன.

1980 மே 9-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் அடித்துப்போட்டது. காரணங்களை ஜூலை 31-இல் சொன்னது. ஐந்து பேர் அமர்வில் நம் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன பி.எஸ். கைலாசமும் ஒருவர். வழிகாட்டு நெறிகளை நிறைவேற்றும் சட்டங்களுக்குக் காப்புத் தரும் 31சி பற்றிய பகுதியில் நீதிபதி பகவதி தனியாக நின்றார். 368 விஷயத்தில் ஐந்து பேரும் ஒன்று. சொன்ன காரணம் நம் கேள்வியைத் திருப்பிப் போட்டது போல இருக்கும். வரம்புள்ள அதிகாரத்தைப் பெற்றவன், அந்த அதிகாரத்தை வைத்தே அதை வரம்பில்லாததாக ஆக்கிக்கொள்ள முடியாது. வாரிசின் கையைக் கட்ட முடியாதது போலவே, தன்னிடம் இல்லாததை வாரிசுக்கு உயில் எழுதிவைக்கவும் முடியாது. இந்த முடிச்சை மட்டும் எந்தப் பெரும்பான்மையாலும் அவிழ்க்க முடியாமல் காவல் காப்பது தேர்தலில் நிற்காத சில பேர் என்பதில் எனக்கு ஒரு சங்கடம் உண்டு. நவரங்கஹல ஞாபகம் வந்ததும் சங்கடம் கொஞ்சம் குறைந்துவிடும்.

மாடிப்படி இறங்கும்போது நீ கேட்டாயே, அப்படியென்றால் மில்லை முதலாளிகளிடம் திருப்பிக் கொடுத்தார்களா என்று. இல்லை. 42-ஆவது திருத்தத்தைத்தான் வீழ்த்தினார்கள். நாட்டுடைமையை எதிர்த்த பகுதியை 1986-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது.